இரணைமடுவுக்கு மேல ஒரு திமிங்கிலம்

08.03.2025, வாசகி ஒருத்தியின்ர கேள்வி
அண்ணை, போன கிழமை நீங்கள் போட்ட படம் பாத்தன். இரணைமடுக் குளத்துக்கு மேல திமிங்கிலம் பறக்குது, குளக்கட்டில ஒரு பெடியன் சைக்கிளோட நிண்டு அண்ணாந்து பாக்கிறான். வடிவுதான். ஆனா கீழ வாசிச்சா திமிங்கிலம் ஆரோ எடுத்தது, முகில் ஆரோ எடுத்தது, சைக்கிள் ஆரோ எடுத்தது எண்டு கிடக்கு. அப்ப உங்கட எண்டு அதில என்ன இருக்கு? 'ஊரான் வீட்டு நெய்யே' எண்ட பழமொழிதான் எனக்கு ஞாபகம் வந்தது. கோவிக்காதேங்கோ.

08.03.2025, இரவு 10.40
கோவம் ஒண்டுமில்லை. நெய் ஊரான்ரதான். ஆனா இந்த ஊரான் நெய்யைத் தானே படலையில தூக்கி வைச்சு, 'எடுங்கோ, ஆர்ட நெய் எண்டு மட்டும் சொல்லுங்கோ' எண்டு மட்டை எழுதிக் கட்டிவிட்டிருக்கிறான். கிரியேற்றிவ் கொமன்ஸ் எண்டுறது அந்த மட்டைதான். 2002 மார்கழியில இருந்து புழக்கத்தில இருக்கு. மட்டை இருந்தா ஆளாளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விக்கலாம்.

என்ர எண்டு அதில இருக்கிறது ரண்டு. குளக்கட்டு நான் எடுத்தது, போன சித்திரையில, உச்சி வெயிலில. நிக்கிறவன் அக்காவின்ர மகன். மற்றது நிழல். திமிங்கிலத்தை வெட்டி ஒட்ட எனக்கு அரை மணித்தியாலம் போனது. அது தண்ணிக்கு மேலதான் நிக்குது எண்டு கண்ணை நம்ப வைக்க ஒன்பது இரவு.

09.03.2025
நேற்றுத் தூக்கம் வந்திட்டுது, முழுக்கச் சொல்லேல்லை.

அந்தத் திமிங்கிலம் கடலுக்கு அடியில எடுத்த படம். தண்ணிக்குள்ள சிவப்புத்தான் முதல் சாகும். கொஞ்சம் ஆழம் போனா நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். அந்த நீல உடம்பை அப்பிடியே தூக்கி வன்னி வெயிலுக்குள்ள வைச்சால் குளிரில விறைச்ச பிரேதம் மாதிரிக் கிடக்கும். முதல் நாள் எனக்கு அப்பிடித்தான் கிடந்தது. என்ன பிழை எண்டு விளங்காமல் முகிலை மாத்தினன், குளத்தை இருட்டாக்கினன். பிழை வயித்தில. கீழ செம்மண் கட்டு இருக்கு, வெயில் அதில பட்டு மேல தெறிக்கும். திமிங்கிலத்தின்ர வயித்தில அந்தச் சிவப்பு ஏறோணும்.

இது எனக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும். நான் ஸ்ரூடியோக்காரன். கிரவல் றோட்டில மாப்பிள்ளையை நிப்பாட்டிப் படம் எடுத்தால் வேட்டி கரையில இருந்து முழங்கால் மட்டும் செம்மண் நிறம் பிடிக்கும், ஒரு துளி மண் படாமலே. பொம்பிளையின்ர நாடிக்குக் கீழயும் அப்பிடித்தான். கலியாண அல்பத்தில அதைக் கழுவித் துடைக்கிறதுதான் என்ர சோறு. இதில அதையே கூட்டிப் பூச வேண்டி வந்தது.

நிழல் இன்னொரு கூத்து. புதுவருசத்தை ஒட்டி எங்கட தலைக்கு நேரே சூரியன் வரும், மதியம் 12 தாண்டிக் கொஞ்ச நேரத்தில. அந்த நேரம் நிழல் காலுக்குள்ள பூந்திடும். அக்காவின்ர மகன்ர நிழல் ஒரு தோசையளவு. நான் ஒட்டின முகிலோ ஐரோப்பாவில ஆரோ பின்னேரம் எடுத்தது, ஒரு பக்கம் பொன், மற்றப் பக்கம் ஊதா. மேல பின்னேரம், கீழ உச்சி. பாக்கிற சனத்துக்கு என்ன பிழை எண்டு சொல்லத் தெரியாது, ஆனா 'ஒட்டினது' எண்டு கண்டிடும்.

11.03.2025
கரண்ட் இல்லை. சேவ் பண்ணாத ரண்டு மணித்தியால வேலை போச்சு. போனில எழுதுறன், இவ்வளவுதான்.

12.03.2025
சைக்கிளைப் பற்றி மூண்டு பேர் எழுதியிருக்கினம். ஓம், அது ஒல்லாந்துச் சைக்கிள். சங்கிலிக்கு முழு மூடி போட்டது. 'கரியல் இல்லாத சைக்கிளில எங்கட பெடியன் எங்க போறான்?' எண்டு கேட்டவர் வெண்டிட்டார். மாத்துறன்.

'திருகோணமலைக் கடலில நீலத் திமிங்கிலம் திரியேக்க ஏன் அமெரிக்கத் திமிங்கிலம்?' எண்டும் ஒரு கேள்வி. நீலத் திமிங்கிலம்தான் தேடினனான். எனக்கு அம்பிட்டதெல்லாம் வள்ளத்தில இருந்து எடுத்த முதுகும் வாலும். தலையில இருந்து வால் மட்டும் முழு உடம்போட, நல்ல பெரிசா, கேள்வி கேக்காமல் கிடைச்சது அமெரிக்கச் சமுத்திரத் திணைக்களம் நோவாவின்ர கூன்முதுகுத் திமிங்கிலம். அந்த நாட்டு மத்திய அரசாங்க உத்தியோகத்தர் வேலையா எடுத்த படத்துக்கு அங்க பதிப்புரிமையே இல்லை. நாசாவின்ர நட்சத்திரங்களும் அனேகமா அப்பிடித்தான். கூன்முதுகு 15 மீற்றர் அளவு வளரும். நான் இழுத்த இழுப்பில குளத்தில பாதி வந்திட்டுது. அதுக்கு மட்டும் உரிமம் நானே எடுத்துக்கொண்டன்.

14.03.2025
முதல் நாள் எழுதினது அரைகுறை. 'விக்கலாம்' எண்டு பொத்தாம்பொதுவாச் சொல்லிப்போட்டன், ஒராள் நல்லா ஏசி எழுதியிருக்கிறார். ஏசினதும் சரி.

எல்லா மட்டையும் ஒரே மட்டை இல்லை. கிரியேற்றிவ் கொமன்ஸைச் சுருக்கிச் சிசி எண்டுவினம். சிசி பை எண்டால் பேர் சொன்னாக் காணும். என்சி எண்டு சேர்ந்தால் காசுக்கு விடேலாது. என்டி எண்டால் மாத்தினதை வெளியில விடேலாது. வீட்டுக்குள்ள வெட்டி ஒட்டி நீங்களே பாத்துச் சிரிக்கலாம், அவ்வளவுதான். மயில் ஒண்டு கண்டன், தோகை விரிச்சபடி, அப்பிடி ஒரு வெளிச்சம். என்டி. ஒரு இறகு வெட்டேலாது. மூண்டு நாள் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு விட்டிட்டன்.

எஸ்ஏ எண்டொண்டு இருக்கு, அதுதான் உண்மையில ஆளை மடக்கிறது. எஸ்ஏ படத்தை உங்கட படத்துக்குள்ள கலந்தால் உங்கட முழுப்படமும் அதே மட்டையோடதான் வெளியில போகோணும். எஸ்ஏ முகிலையும் என்சி-எஸ்ஏ கடலையும் ஒண்டாக் கலக்கவே ஏலாது. ரண்டும் 'பிள்ளை என்ர முறைப்படிதான் வளரோணும்' எண்டு நிக்கும்.

இது எனக்குக் காசில பட்டுத்தான் விளங்கினது. ஒரு கடைக்காரர் திமிங்கிலத்தைத் தன்ர கலண்டருக்குக் கேட்டவர். விலையும் பேசியாச்சு. பிறகு கொப்பியைப் பிரிச்சுப் பாத்தால் முகில் என்சி. அண்டிரவே முகிலை மாத்தினன், புதுசு எஸ்ஏ. அவரிட்டப் போய், 'ஒரு சின்ன விசயம், இந்தப் படத்தை உங்களுக்கு எதிர்க்கடைக்காரனும் எடுத்து அடிக்கலாம்' எண்டு சொன்னன். 'அப்ப நான் ஏன் உனக்குக் காசு தரோணும்?' எண்டார். பதில் இல்லை. கலண்டரில இப்ப முருகன்.

15.03.2025
'எந்தக் கொப்பி?' எண்டு கேட்டிருக்கிறியள். ஒரு சீஆர் கொப்பி. படம் இறக்கின உடனயே எழுதிப்போடுவன்: படத்தின்ர பேர், எடுத்தவர், எங்க இருந்தது, என்ன உரிமம், நான் என்ன மாத்தினன். பிறகு எழுதுவம் எண்டு விட்டால் சரி, முடிஞ்சுது. ஒரு படத்துக்குள்ள இருபது முப்பது துண்டு இருக்கும், எந்தக் கல்லு ஆர்ட எண்டு பெத்த தாய்க்கும் தெரியாது.

காசில்லாமல் படம் குடுக்கிற சில தளங்கள் இடையில மாறினதையும் சொல்லோணும். அன்ஸ்பிளாஷ் 2017 ஆனி வரைக்கும் எல்லாத்தையும் சிசி சீரோவில, பேர்கூடச் சொல்லத் தேவையில்லாமல், குடுத்தது, பிறகு சொந்த உரிமம். பிக்சாபே 2019 தையில அப்பிடி மாறினது. இப்பவும் காசில்லாமல் எடுக்கலாம், ஆனா மட்டை வேற. நான் அனேகமா விக்கிமீடியா பொதுவகத்திலதான் மேயிறது. அங்க என்சி, என்டி ரண்டையும் வாசலிலயே மறிச்சுப்போடுவாங்கள், எனக்கு ஒரு தலையிடி குறைவு.

20.03.2025
நான் படம் ஒட்டுற இலவச மென்பொருள் கிம்ப், அதின்ர 3.0 இந்தக் கிழமை வந்திருக்கு. 2018இல வந்த 2.10ஓட இவ்வளவு நாளும் இழுத்தனான். முந்தி மங்கலாக்கினால் மங்கலாக்கினதுதான். இப்ப பிறகு வந்து திருத்தலாம். வயித்துச் செம்மண்ணை ஏழு தரம் கூட்டிக் குறைச்சன், ஒண்டும் சேதமில்லை. ஸ்ரூடியோவில காசு குடுத்து வாங்கின மென்பொருள் கிடக்கு, இது வீட்டு வேலை, வீட்டுச் சாமான்.

இனி சொல்லப்போறது கொஞ்சம் கசக்கும். அடுத்த படத்துக்குச் சாமான் தேடி 'கிளிநொச்சி', 'முல்லைத்தீவு' எண்டு அடிச்சுப் பாத்தன். வந்ததில பாதி, விழுந்து கிடக்கிற தண்ணித் தாங்கி, எரிஞ்ச வாகனம், கூடாரம், முள்ளுக்கம்பி. எனக்குத் தேவைப்பட்டது ஒரு துருசு, அதுதான் குளத்து மதகு, பாலைப்பழம் நிறைஞ்ச ஒரு கடகம், வயலுக்க நிக்கிற ஒரு கொக்கு. வேற நாட்டுப் பூனையள் ஆயிரம் கிடக்கு, எங்கட துருசு ஒண்டும் எனக்கு அம்பிடேல்லை. கற்பனை எண்டு பெருசாக் கதைக்கிறம், அதுவும் முதல் ஆரோ கமெராவோட போன இடத்துக்குள்ளதான் நடக்குது.

27.03.2025
நான் போட்ட ரண்டாவது படத்தை இஞ்ச இருந்து அகற்றிட்டன். கேட்டவைக்குச் சொல்லுறன், ஏன் எண்டு.

படம் இதுதான்: கூடாரங்கள் எல்லாம் பாய்மரமா மாறி, ஒரு வெள்ளைக் கூட்டமாக் கடலுக்கு வெளிக்கிடுது. முன்னால ஒரு பொம்பிளை இடுப்பில குடத்தோட. குடத்துக்குள்ள தண்ணிக்குப் பதில் நட்சத்திரம் வைச்சனான், நாசாவின்ர. அந்தக் குடம் எனக்குச் சரியான பெருமை. விளிம்பில ஒரு நட்சத்திரம் வழியப்போற மாதிரி, அவவின்ர விரலில கொஞ்ச வெளிச்சம் பட்ட மாதிரி, ஒரு இரவு முழுக்க அந்த விரல்தான்.

நாலாம் நாள் ஒரு தனிமடல். 'தம்பி, அது என்ர சித்தி.'

உரிமம் சரி. சிசி பை. எடுத்தவர்ட பேர் கீழ போட்டனான், மாத்தினதையும் எழுதினனான். எல்லாம் முறைப்படி. ஆனா மட்டை எழுதிக் கட்டினது கமெராவுக்குப் பின்னால நிண்டவர். முன்னால நிண்ட மனிசியை ஆரும் கேக்கேல்லை. அந்த உரிமம் அவவின்ர முகத்துக்கு இல்லை, அதில அப்பிடித்தான் எழுதியும் கிடக்கு. நான் வாசிச்சும் இருக்கிறன். வாசிச்சுப்போட்டுத்தான் விரலுக்கு வெளிச்சம் பூசினனான்.

சித்தி உயிரோட இருக்கிறா. அந்தப் படத்தை இதுக்கு முதல் பாத்ததே இல்லையாம். பெறாமகள் போனில காட்டினவவாம். கன நேரம் பாத்துப்போட்டு ஒண்டுதான் சொன்னவவாம்: 'அண்டைக்குக் குடத்தில தண்ணி வரேல்லை.'

28.03.2025
'முகத்தை மறைச்சுப் போட்டு விடலாமே அண்ணை' எண்டு ஒரு தம்பி. விடலாம். கை வரேல்லை.

29.03.2025
நித்திரை இல்லை, எழுதுறன். இந்த ஒட்டுற வேலையை நான் திமிங்கிலத்தில பழகேல்லை.

2009க்குப் பிறகு எங்கட பக்கத்தில படம் இருந்த வீடு குறைவு. அல்பம் எல்லாம் பங்கருக்குள்ளயும் றோட்டிலயும் போச்சு. மிஞ்சினது அடையாள அட்டை, பள்ளிக்கூட அட்டை, வெளிநாட்டில ஆரிட்டயோ கிடந்த ஒரு பிரதி. ஸ்ரூடியோவுக்கு அதைக் கொண்டு வருவினம், 'இவரை இதுக்குள்ள சேர்த்துத் தாங்கோ' எண்டு. நான் செய்த முதல் சேர்ப்பு 2011இல. ஒரு தாய், கையில தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு கறுப்பு வெள்ளைப் படம், முத்திரையில பாதி நெத்தியில விழுந்து கிடக்கு. மகளுக்குக் கலியாணம். அப்பா பக்கத்தில நிக்கோணும்.

முத்திரையைக் கழட்டவே ஒரு நாள். மை புருவத்துக்குள்ள இறங்கியிருந்தது. இடது புருவத்தை வெட்டித் திருப்பி வலதுக்கு வைச்சன். உடம்பு இல்லை, அவற்ற தம்பியை வேட்டி சால்வையோட நிப்பாட்டி எடுத்து அந்தக் கழுத்தில தலையை வைச்சன். எல்லாம் பொருந்தி வந்த பிறகுதான் ஒண்டு கண்ணில பட்டது. படத்தில அவருக்கு 34 வயசு. மகளுக்கு 27. அப்பாவும் மகளும் அண்ணனும் தங்கச்சியும் மாதிரி. நரை போடுறன், கண்ணுக்குக் கீழ கொஞ்சம் சுருக்கம் போடுறன் எண்டு சொன்னன். தாய் வேண்டாம் எண்டவா. 'அப்பிடியே இருக்கட்டும் தம்பி. எனக்கு அவரை நரைச்சுத் தெரியாது.'

அந்தப் படமும் பொய்தான், திமிங்கிலமும் பொய்தான். அதைக் கேட்டுக் கொண்டுவந்து தந்தது அந்த வீட்டுச் சனம். சித்தியின்ர குடத்துக்கு நட்சத்திரம் கேட்டது நான்.

05.04.2025
ஒரு புது வாசகர்: 'இதெல்லாம் கொம்பியூட்டர் காலத்துக் கள்ளம்.'
இல்லை ஐயா. 1857இல ஒஸ்கார் றெய்லாண்டர் எண்டவர் முப்பத்திரண்டு நெகற்றிவைச் சேர்த்து ஒரு படம் செய்தவர். அடுத்த வருசம் ஹென்றி பீச் றொபின்சன் ஐஞ்சு நெகற்றிவில ஒரு பெட்டை சாகக்கிடக்கிற மாதிரிச் செய்தார். படுத்திருந்தவள் நல்ல சுகத்தோட இருந்தவள். உதெல்லாம் படமோ எண்டு அப்பவே சனம் ஏசினது. எங்கட நாட்டிலயே 1930களில கொழும்பில லயனல் வென்ட் இருட்டறைக்குள்ள படத்துக்கு மேல படம் ஏத்தி விளையாடியிருக்கிறார். எங்கட கள்ளத்துக்கு நல்ல பரம்பரை இருக்கு.

06.04.2025
ஏஐ கேள்வி வரும் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தன், வந்திட்டுது. 'ஒரு வரி எழுதினால் திமிங்கிலம் வருமே.' வரும். நானும் எழுதிப் பாத்தன். 'வன்னிக் குளக்கட்டு' எண்டால் தென்னையும் படகுவீடும் வந்தது, கேரளா. பாலை மரம் எண்டு திருப்பி எழுதினன், ஈச்சை மரமும் ஒட்டகமும் வந்தது. பாலைவனம் எண்டு நினைச்சிட்டுது போல. ஒட்டகம் வடிவு.

ஆனா என்ர கொப்பியில எழுத அதில ஒண்டும் இல்லை. ஆர்ட கண், ஆர்ட முகில், தெரியாது.

18.05.2025
இண்டைக்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி. வேற ஒண்டும் எழுதேல்லை.

15.06.2025
வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிஞ்சு போன ஆக்கள் எல்லாம் படம் போட்டுக்கொண்டிருக்கினம். அங்க கடல்தண்ணியில விளக்கு எரியும் எண்டு எங்கட சனத்தின்ர நம்பிக்கை. சின்னனில ஆச்சி தூக்கிக் காட்டினவா. எண்ணெய் இல்லை, உப்புத்தண்ணி, எரியுது. இந்த ஊரில பிறந்துபோட்டு நான் அமெரிக்கத் திமிங்கிலம் தேடித் திரிஞ்சிருக்கிறன்.

மூண்டாவது படம் தொடங்கியிருக்கு: கடல் முழுக்கத் திரி. அலை ஒவ்வொண்டின்ர நுனியிலயும் ஒரு சுடர். முல்லைத்தீவுக் கரையில நானே போய் அலை எடுத்தன், இருட்டுப் பட்ட பிறகு. சுடர் வீட்டில, கறுப்புத் துணிக்கு முன்னால, எழுபது தரம். கறுப்புக்கு முன்னால எடுத்தால் வெட்டத் தேவையில்லை. லேயரை 'ஸ்கிறீன்' முறையில வைச்சால் கறுப்பு தானே கரைஞ்சு போகும், நெருப்பு மட்டும் நிக்கும். தலைமயிர், புகை, நெருப்பு மூண்டையும் கத்தரிக்கோலால வெட்ட வெளிக்கிடாதேங்கோ. மனிசி கேக்கிறா, எண்ணெய்க் காசு ஆர் தாறது எண்டு.

30.06.2025
துருசு இல்லை, கடகம் இல்லை எண்டு அழுதுகொண்டு இருக்கிறதில பிரயோசனமில்லை எண்டு போன மாசம் முழுக்க ஞாயிறுகளில கமெராவோட திரிஞ்சன். துருசு, வான்கதவு, அலைகரை மருதமரங்கள், வீரை, பாலை, கரியலில கட்டின விறகு, வெயில் காயிற புழுங்கல் நெல்லு, தனிப்பனை ஒண்டு. மொத்தம் 41 படம் பொதுவகத்தில ஏத்தியிருக்கிறன். முகம் ஒண்டும் இல்லை. கை இருக்கு, முதுகு இருக்கு. அதுக்கும் கேட்டுத்தான். மட்டை, சிசி பை-எஸ்ஏ.

ஏத்த முதல் ஒண்டை யோசியுங்கோ. ஒருக்காக் குடுத்தால் திருப்பி வாங்கேலாது. 42ஆவது படம் அப்பாவின்ர சைக்கிள், கரியலோட. ஒல்லாந்துச் சைக்கிளுக்குப் பதிலா திமிங்கிலப் படத்துக்குள்ள வைச்சது அதைத்தான். அதைத் தனிப்படமா ஏத்துவம் எண்டு பேரும் எழுதி, விபரமும் எழுதி, அமத்துற இடத்தில விரல் நிண்டிட்டுது. ஏத்தேல்லை. முதல் கேள்வி கேட்ட தங்கச்சி இதை வாசிச்சுச் சிரிக்கலாம்: ஊரான்ர நெய் எண்டால் வெட்டுறான், தன்ர நெய் எண்டால் பூட்டி வைக்கிறான்.

02.08.2025
அந்தத் தங்கச்சிதான் ஒரு இணைப்பு அனுப்பினவா. பாத்து விழுந்து விழுந்து சிரிச்சன்.

ஆரோ ஒருத்தர், எந்த நாடோ, என்ர தனிப்பனையை எடுத்துக்கொண்டு போய்ப் பனிக்குள்ள நட்டிருக்கிறார். நாலு பக்கமும் வெள்ளை, நடுவில எங்கட பனை, காவோலை தொங்கிக்கொண்டு, அதுக்குக் கீழ ஒரு நரி. கீழ என்ர பேர் இருக்கு, ஒரு எழுத்துப் பிழையோட. மட்டையும் முறையாப் போட்டிருக்கு, 'மாற்றியிருக்கிறேன்' எண்டும் எழுதியிருக்கு. ஓலை விளிம்பை என்ன வடிவா வெட்டியிருக்கிறார், எனக்கு அவ்வளவு பொறுமை வராது.

ஆனா நான் அந்தப் பனையைப் பின்னேரம் எடுத்தனான், வெயில் இடப்பக்கம். அவர் நிழலையும் இடப்பக்கம் விழுத்தியிருக்கிறார். பண்பா எப்பிடிச் சொல்லுறது எண்டு மகளிட்ட இங்கிலீசு கேட்டு இண்டிரவு எழுதோணும்.